வேலை போன பிறகு வரும் சம்பளம்

சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து ஒரகடம் போகும் சாலையோர மின்கம்பங்களில் ஒரே மாதிரியான நோட்டீஸ்கள் ஒட்டியிருக்கும். 'ஆட்கள் தேவை' என்று கொட்டை எழுத்தில் தொடங்கும். ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ, பஸ் வசதி, கேன்டீன் சாப்பாடு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு என்று வரிசையாகப் போகும். கடைசியில் ஒரு கைபேசி எண். அந்த எண்ணுக்குச் சற்று மேலே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருக்கும்: வயது 18 முதல் 28 வரை.

பதினைந்து வருடம் ஒரே கார் ஆலையில் வேலை பார்த்துவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் அந்த நோட்டீஸின் முன்னால் நிற்பவருக்கு அந்த ஒரு வரி போதும். எண்ணைக் குறித்துக்கொள்ளாமலே வண்டியைக் கிளப்பிவிடுவார். அப்படி நின்றவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர். மறைமலை நகர் ஃபோர்டு ஆலையை மூடப்போவதாக அந்த நிறுவனம் 2021 செப்டம்பர் 9 அன்று அறிவித்தது. 2022 ஜூலையில் அங்கிருந்து கடைசி கார் வெளியே வந்தது. 2,500க்கும் மேற்பட்ட நிரந்தரத் தொழிலாளர்களும், கணக்கில் வராத ஒப்பந்தத் தொழிலாளர்களும் வேறு பிழைப்பைத் தேடிப் போனார்கள்.

வேலை போனவரைப் பார்த்து ஊரும் உறவும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "வேற எங்கயாவது கிடைச்சுதா?" கிடைத்தது என்று சொல்லிவிட்டால் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். அரசின் கணக்கிலும் அவர் வேலையில் இருப்பவர் பட்டியலுக்குத் திரும்பிவிடுவார். புது வேலையில் எவ்வளவு சம்பளம் என்பதை யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவருக்குச் சங்கடம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். வேலையில்லாமல் வீட்டில் இருந்த ஆறேழு மாதத்தில் போன பணம், மொத்த நஷ்டத்தில் சிறு பகுதிதான். பெரும்பகுதி, வேலை கிடைத்த பிறகு பத்து, பதினைந்து வருடங்களுக்கு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது.

இதை முதன்முதலில் துல்லியமாக அளந்து காட்டியவர்கள் லூயிஸ் ஜேக்கப்சன், ராபர்ட் லாலோண்ட், டேனியல் சல்லிவன் என்ற மூன்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள். 1970களின் பின்பாதியிலும் 80களிலும் பென்சில்வேனியா மாநிலத்தின் எஃகு ஆலைகளும் மற்ற தொழிற்சாலைகளும் அடுத்தடுத்து ஆட்களைக் குறைத்தன. அண்டை மாநிலமான ஒஹையோவிலும் அதே கதைதான். அங்குள்ள யங்ஸ்டவுன் நகரத்தார் 1977 செப்டம்பர் 19ஆம் தேதியை இன்றும் 'கறுப்புத் திங்கள்' என்றே சொல்கிறார்கள். ஒரு பெரிய எஃகு ஆலையை மூடும் அறிவிப்பு வந்து, சுமார் 5,000 பேரின் வேலை பறிபோன நாள் அது.

மூவரும் பென்சில்வேனிய அரசின் வேலையிழப்புக் காப்பீட்டுப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். ஒவ்வொரு தொழிலாளியும் காலாண்டு வாரியாக என்ன சம்பாதித்தார் என்பது அதில் பதிவாகியிருந்தது. ஆறு வருடத்துக்கு மேல் ஒரே நிறுவனத்தில் இருந்து, கூட்டமாக வெளியேற்றப்பட்டவர்களைத் தனியே பிரித்து, வேலை போகாத அதே மாதிரியான தொழிலாளர்களோடு ஒப்பிட்டார்கள். வேலை போய் ஐந்தாறு ஆண்டுகள் கழிந்த பிறகும் அவர்களின் வருமானம் ஆண்டுக்குச் சராசரியாக 25 சதவீதம் குறைவாகவே இருந்தது. அந்த ஆய்வு 1993இல் வெளிவந்தது. அதன் பிறகு பல நாடுகளில் பலர் இதே வழியில் அளந்து பார்த்தார்கள். இழப்பின் அளவு நாட்டுக்கு நாடு மாறியது. இழப்பு நீடிக்கிறது என்பது மட்டும் மாறவில்லை.

அதே ஆய்வில், ஆலை வாழ்க்கையை அறிந்தவர்கள் சட்டென்று அடையாளம் காணக்கூடிய ஒன்றும் இருக்கிறது. வருமானம் வேலை போன நாளில் சரியத் தொடங்கவில்லை. ஏறக்குறைய மூன்று வருடங்களுக்கு முன்பே இறங்க ஆரம்பித்துவிட்டது. முதலில் ஓ.டி. நிற்கும். பிறகு மூன்று ஷிப்ட் இரண்டாகும். இன்க்ரிமென்ட் பேச்சுவார்த்தை தள்ளிப்போகும். கேட்டில் பூட்டு தொங்கும் நாளில், சம்பளச் சீட்டு ஏற்கெனவே மெலிந்திருக்கும்.

பெரிய தொழிற்சாலையில் கற்றுக்கொள்வதில் பாதி, அந்தத் தொழிற்சாலைக்கு மட்டுமே உரியது. எந்த மெஷின் எந்தச் சத்தம் போட்டால் எதைத் தட்ட வேண்டும், பெயின்ட் ஷாப்பில் மழைக்காலத்தில் எதைக் கவனிக்க வேண்டும், எந்த சூப்பர்வைசரிடம் எதை எப்படிச் சொன்னால் வேலை நடக்கும் என்பதெல்லாம் பத்து வருட அனுபவம். அதற்கும் சேர்த்துத்தான் பழைய கம்பெனி சம்பளம் கொடுத்தது. அடுத்த கேட்டில் அதற்கு மதிப்பில்லை. பதினைந்து வருடம் ஏறி வந்த சீனியாரிட்டி படிக்கட்டின் கீழ்ப்படியில், இருபத்திரண்டு வயதுப் பையனோடு சேர்ந்து நிற்க வேண்டியிருக்கிறது.

நிறுவனத்தின் பங்கும் இதில் பெரிது. ஜெர்மனியில் ஷ்மீடர், ஃபான் வாக்டர், ஹைனிங் ஆகிய மூவர் செய்த விரிவான ஆய்வு இதைத்தான் அழுத்திச் சொன்னது. ஒரே திறமை, ஒரே படிப்பு உள்ள இருவரில் ஒருவர் நல்ல சம்பளம் தரும் நிறுவனத்திலும் இன்னொருவர் குறைந்த சம்பளம் தரும் நிறுவனத்திலும் இருப்பது உலகெங்கும் உண்டு. ஆலை மூடப்பட்டு வெளியே வருபவர்கள் பெரும்பாலும் முதல் வகையில் இருந்து இரண்டாம் வகைக்கு விழுகிறார்கள். ஆள் மாறவில்லை, திறமை குறையவில்லை, நிறுவனம்தான் மாறிவிட்டது. நம்மூரில் இதற்கு ஆய்வுகூடத் தேவையில்லை. கார் கம்பெனியின் நிரந்தரத் தொழிலாளிக்கும், அதே காருக்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைத் தொழிலாளிக்கும் சம்பளத்தில் எத்தனை மடங்கு வித்தியாசம் என்பது திருப்பெரும்புதூரில் டீக்கடைப் பெஞ்சில் இருப்பவருக்கும் தெரியும்.

இன்னொரு காரணம் அவசரம். வீட்டுக் கடன் தவணை அடுத்த மாதம் ஐந்தாம் தேதி. பள்ளிக் கட்டணம் ஜூனில். பொறுத்திருந்து தகுதிக்கேற்ற வேலையைத் தேட நேரமில்லை. முதலில் வந்ததைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடுத்த இடத்தில் நேர்முகத்துக்கு உட்காரும்போது, "இப்ப என்ன சம்பளம் வாங்குறீங்க?" என்ற கேள்வி வரும். அவசரத்தில் ஒப்புக்கொண்ட குறைந்த சம்பளமே அப்புறம் அவருடைய விலையாக நிலைத்துவிடும். சரி, பொறுத்துப் பார்க்கலாம் என்று காத்திருந்தாலும் ஆபத்துதான். ஒரே மாதிரியான விண்ணப்பங்களை ஆயிரக்கணக்கில் அனுப்பிப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், வேலையில்லாத காலம் கூடக் கூட நிறுவனங்களில் இருந்து அழைப்பு குறைந்தது. முதல் எட்டு மாதங்களில்தான் அந்தச் சரிவு மிக அதிகம்.

இதெல்லாம் பணக் கணக்கு. சல்லிவனும் ஃபான் வாக்டரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு அதைத் தாண்டிப் போனது. அதே பென்சில்வேனியத் தொழிலாளர்களின் பதிவுகளை இறப்புப் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். நீண்ட காலம் ஒரே இடத்தில் வேலை பார்த்த ஆண்கள் வேலையை இழந்த அடுத்த ஆண்டில், அவர்களிடையே இறப்பு விகிதம் 50 முதல் 100 சதவீதம்வரை கூடியிருந்தது. இருபது ஆண்டுகள் கழித்தும் 10 முதல் 15 சதவீதம் கூடுதலாக இருந்தது. நாற்பது வயதில் வேலை இழந்தவரின் ஆயுளில் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு குறைகிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். கனடாவில் நடந்த இன்னோர் ஆய்வு பிள்ளைகளைப் பின்தொடர்ந்தது. ஆலை மூடப்பட்டதால் தந்தை வேலையிழந்த வீட்டுப் பையன்கள் வளர்ந்து சம்பாதிக்கும்போது, மற்றவர்களைவிட 9 சதவீதம் குறைவாகச் சம்பாதித்தார்கள். வேலை போனபோது அந்தப் பையன்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அவர்களுக்கும் அந்த ஆலைக்கும் அப்பாவைத் தவிர ஒரு சம்பந்தமும் கிடையாது.

இந்தியாவில் இது புதிதல்ல. அகமதாபாத்தின் துணி ஆலைகள் 1980களிலும் 90களிலும் மூடப்பட்டபோது என்ன நடந்தது என்பதை டச்சு சமூகவியலாளர் யான் பிரேமன் பல ஆண்டுகள் அங்கேயே அலைந்து எழுதி வைத்திருக்கிறார். எட்டு மணி நேர ஷிப்ட், பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று வாழ்ந்தவர்கள் விசைத்தறிக் கூடங்களுக்கும் தள்ளுவண்டிக்கும் ஆட்டோவுக்கும் போனார்கள். உழைக்கும் நேரம் கூடியது, வருமானம் பெருமளவு சரிந்தது. சென்னை பெரம்பூரில் பி அண்ட் சி மில் 1996இல் நிரந்தரமாக மூடப்பட்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் 1918இல் பிறந்தது அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். அதன் கடைசித் தலைமுறைத் தொழிலாளர்கள் பிறகு என்ன சம்பாதித்தார்கள் என்று எந்த அரசு அலுவலகமும் எழுதி வைக்கவில்லை.

திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலையின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2005இல் தமிழக அரசோடு ஒப்பந்தம், 2006 ஜனவரியில் உற்பத்தி. உச்சத்தில் சுமார் 8,000 பேர் அங்கே நேரடியாக வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். கிராமங்களில் இருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து, ஷிப்ட் முடித்து, முதன்முதலாகத் தங்கள் பெயரில் வங்கிக் கணக்கும் ஏ.டி.எம். அட்டையும் வைத்துக்கொண்டவர்கள். பிறகு ஸ்மார்ட்போன் சந்தையில் நோக்கியா பின்தங்கியது. 2013இல் வரிப் பிரச்சினை வெடித்தது. கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, சொத்து முடக்கத்தில் சிக்கியிருந்த இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014இல் ஆயிரக்கணக்கானவர்கள் வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது.

2006 ஜனவரி முதல் 2014 நவம்பர்வரை மொத்தம் ஒன்பது வருடம்கூட இல்லை. பி.எஃப்.போடு இணைந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் பென்ஷன் வாங்கப் பத்து வருடச் சேவை வேண்டும். ஆலை திறந்த முதல் நாளே சேர்ந்து, மூடிய கடைசி நாள்வரை ஒரு ஷிப்ட்கூடத் தவறாமல் வந்த பெண்ணுக்கும் அந்த ஒரே வேலையை வைத்து அந்தத் தகுதி வந்திருக்க முடியாது. அதுவரை கட்டியதற்குச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த வேலையில் சேர்த்துக் கணக்கிட வழி இருக்கிறது. ஆனால் கையில் காசில்லாத மாதத்தில், பி.எஃப். அலுவலகப் படிவத்தில் 'பணமாகத் திரும்ப வேண்டும்' என்ற கட்டத்தில்தான் பலரும் டிக் போடுவார்கள். ஐம்பத்தெட்டு வயதில் வந்திருக்க வேண்டிய பென்ஷன், இருபத்தெட்டு வயதில் இரண்டு மாத மளிகைக் கணக்கில் கரைந்துவிடுகிறது.

பெண்களின் இழப்பு புள்ளிவிவரத்திலும் மறைந்துபோகிறது. கணக்கெடுப்பில், வேலை தேடிக்கொண்டிருப்பவரைத்தான் வேலையில்லாதவர் என்று சேர்ப்பார்கள். வேலை போன பெண் ஊருக்குத் திரும்பி, கல்யாணமாகி, குழந்தையோடு வீட்டில் இருந்தால் அவர் 'வேலை தேடாதவர்'. அவர் இழந்த வருமானம் எந்த விகிதத்திலும் ஏறாது. நோக்கியா ஆலை இருந்த அதே இடத்தை சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் வாங்குவதாக 2019இல் அறிவிப்பு வந்தது. 2006இல் இருபது வயதில் லைனில் நின்றவருக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. மின்கம்ப நோட்டீஸ் கேட்கும் வயதை அவர் தாண்டிப் பல வருடமாகிவிட்டது. புது ஆலைகள் வருகின்றன, வேலைகள் பெருகுகின்றன என்று அரசு சொல்வது உண்மைதான். அந்த வேலைகளில் பெரும்பாலானவை அடுத்த தலைமுறைக்குப் போகின்றன என்பதும் உண்மை.

இனி சட்டம் என்ன தருகிறது என்று பார்ப்போம். ஆட்குறைப்புக்கு 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறு சட்டம் வகுத்த இழப்பீடு, முடித்த ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இதுதான் அடிப்படை. மாதம் 30,000 ரூபாய் வாங்கிய, 12 வருடச் சேவை உள்ள, 38 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குச் சட்டப்படி கிடைப்பது சுமார் 1,80,000 ரூபாய். பென்சில்வேனியாவில் கண்ட அதே 25 சதவீத இழப்பு இவருக்கும் வந்தால், மாதம் 7,500, வருடத்துக்கு 90,000. இழப்பீட்டுத் தொகை இரண்டு வருடத்தில் தீர்ந்துவிடும். 58 வயதுவரை இருபது வருடம் இப்படியே போனால், இன்க்ரிமென்ட்டைச் சேர்க்காமலே இழப்பு 18 லட்சம். சட்டம் தந்தது அதில் பத்தில் ஒரு பங்கு.

சட்டத்தின் பார்வையே பின்னோக்கியது என்பதுதான் இதில் உள்ள கோளாறு. எத்தனை வருடம் உழைத்தாய் என்று கேட்டு அதற்கு ஒரு நன்றித்தொகை தருகிறது. இனி எவ்வளவு இழப்பாய் என்று கேட்பதே இல்லை.

ஃபோர்டு தொழிலாளர்கள் 2022இல் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். பல மாதப் பேச்சுக்குப் பிறகு நிறுவனம் இறங்கி வந்த தொகை, ஒரு வருடச் சேவைக்கு ஏறத்தாழ 130 நாள் சம்பளம். அதிகப்படியான பேராசை என்று அப்போது சிலர் பேசினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், 12 வருடச் சேவைக்கு அது நான்கு வருடச் சம்பளத்துக்குச் சற்று மேலே வரும். வருமானத்தில் கால் பங்கு வீதம் இருபது வருடம் போனால், மொத்த இழப்பு ஐந்து வருடச் சம்பளம். சங்கம் போராடி வாங்கியது உண்மையான இழப்பை நெருங்குகிறது, அதற்கு மேலே போகவில்லை. பேராசை என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

அந்தத் தொகை நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும். அதே லைனில் பக்கத்தில் நின்ற ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது இல்லை. கேன்டீனில் இட்லி ஊற்றியவருக்கு இல்லை. கம்பெனி பஸ் ஓட்டியவருக்கும், அந்த ஆலையை நம்பியிருந்த உதிரிபாகப் பட்டறையில் வேலை பார்த்தவருக்கும் இல்லை. இவர்களுக்கு வேலை போனது என்று சொல்லும் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

இ.எஸ்.ஐ.யில் ஒரு திட்டம் உண்டு. 2018இல் தொடங்கிய அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா, வேலையிழந்த காப்பீட்டாளருக்கு அதிகபட்சம் 90 நாள் உதவித்தொகை தருகிறது. முதலில் சராசரி ஊதியத்தில் 25 சதவீதமாக இருந்ததை 2020இல் 50 சதவீதமாக உயர்த்தினார்கள். நல்ல தொடக்கம். ஆனால் மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் புதிதாக இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வர முடியாது, ஆகவே பெரிய ஆலையின் நிரந்தரத் தொழிலாளி இதற்கு வெளியே. விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் இது கிடையாது. நம் நாட்டில் ஆலை மூடல்கள் பெரும்பாலும் வி.ஆர்.எஸ். என்ற பெயரில்தான் நடக்கின்றன. கையெழுத்துப் போடாவிட்டால் அந்தத் தொகையும் கிடைக்காது என்ற நிலையில் போடும் கையெழுத்துக்கு 'விருப்பம்' என்று பெயர். ஐ.டி. துறையில் இது இன்னும் சுத்தமாக நடக்கிறது. "நீங்களே ராஜினாமா கொடுத்துடுங்க, அனுபவச் சான்றிதழ்ல பிரச்சினை வராது" என்று ஹெச்.ஆர். அறையில் சொல்லப்படுவதைக் கேட்டவர்கள் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக இருக்கிறார்கள். அவர்கள் எந்தக் கணக்கிலும் வேலை இழந்தவர்கள் இல்லை. தாங்களாக விலகியவர்கள்.

ஆலைகளை மூடவே விடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பழைய நோக்கியா போனை வாங்க ஆளில்லாதபோது அதைச் செய்யும் லைனைச் சட்டம் போட்டு ஓடவைக்க முடியாது. இங்கே நடக்கும் விவாதமோ, ஆளை நீக்குவது எளிதாக இருக்க வேண்டுமா, கடினமாக இருக்க வேண்டுமா என்பதிலேயே முப்பது வருடமாகச் சுற்றிவருகிறது. மூடுவதற்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பை 100 தொழிலாளர்களில் இருந்து புதிய தொகுப்பு 300 ஆக உயர்த்தியிருக்கிறது. முதலாளிகள் வரவேற்கிறார்கள், சங்கங்கள் எதிர்க்கின்றன. சங்கங்களின் பயம் நியாயமானது. ஆனால் அந்த விவாதத்துக்கு வெளியே இருக்கும் ஒரு நாட்டைப் பார்க்க வேண்டும்.

டென்மார்க்கில் ஒருவரை வேலையிலிருந்து நீக்குவது எளிது. தெற்கு ஐரோப்பிய நாடுகளில் கடினம். ஐரோப்பிய நாடுகளை ஒரே முறையில் ஒப்பிட்டு 2023இல் வெளிவந்த ஆய்வில், வேலை இழந்து ஐந்து வருடம் கழித்து டென்மார்க்கிலும் சுவீடனிலும் வருமான இழப்பு 10 சதவீத அளவில் இருந்தது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் சுமார் 30 சதவீதம். டென்மார்க்கில் வேலையிழந்தவருக்கு, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, பழைய சம்பளத்தில் 90 சதவீதம்வரை இரண்டு ஆண்டு காப்பீட்டுத் தொகை உண்டு. முதலில் வந்த மட்டமான வேலையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அவசரம் அவருக்கு இல்லை. சுவீடனில் முதலாளிகளும் சங்கங்களும் சேர்ந்து நடத்தும் வேலைப் பாதுகாப்பு மன்றங்கள் 1974இலிருந்து இருக்கின்றன. ஆட்குறைப்பு நோட்டீஸ் வந்த உடனே, கடைசிச் சம்பளம் வாங்கும் முன்பே, மன்றத்தின் ஆலோசகர் தொழிலாளியோடு உட்கார்ந்து அடுத்த வேலையைத் தேடத் தொடங்கிவிடுவார். செலவு முதலாளிகள் கட்டும் சந்தாவில் இருந்து.

அவர்கள் பணக்கார நாடுகள், நமக்கு எப்படி முடியும் என்று கேட்கலாம். சனந்தில் நடந்ததைச் சொன்னால் போதும். குஜராத்தின் சனந்தில் இருந்த ஃபோர்டு கார் ஆலையும் அதே 2021 அறிவிப்பில்தான் மூடப்பட்டது. அதை டாடா மோட்டார்ஸின் துணை நிறுவனம் வாங்கியது. மாநில அரசும் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்திலேயே, தகுதியுள்ள தொழிலாளர்களுக்கு வேலை தருவதும் ஒரு பகுதியாக இருந்தது. ஒரே நிறுவனம், ஒரே அறிவிப்பு. அங்கே கைமாறியது ஆலையும் ஆட்களும். இங்கே கிடைத்தது செட்டில்மென்ட் பணம்.

பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்பது அடுத்து வரும் பதில். புதிய தொகுப்பில் மறுதிறன் நிதி என்று ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்பட்டவரின் கடைசிச் சம்பளத்தில் 15 நாள் தொகையை முதலாளி கட்ட வேண்டும், அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வரும். பதினைந்து நாள் சம்பளத்தில் நாற்பது வயதுக்காரர் என்ன தொழிலைப் புதிதாகக் கற்றுக்கொள்வார்? பயிற்சி வீண் என்பதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வேலையிழந்தவர்கள் ஒரு முழுக் கல்வியாண்டு கல்லூரியில் படித்தபோது, ஆண்களின் நீண்டகால வருமானம் சுமார் 9 சதவீதமும் பெண்களுடையது 13 சதவீதமும் கூடியது. அதிலும் கணிதம், அறிவியல், தொழில்நுட்பப் பாடங்களை எடுத்தவர்களுக்கே பலன் அதிகம். ஒரு வருடம் படிக்க, அந்த ஒரு வருடம் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். அதற்கான பணம்தான் உண்மையான மறுதிறன் நிதி.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. இ.எஸ்.ஐ.யின் 90 நாளை ஆறு மாதமாக்கலாம். 21,000 வரம்பைத் தாண்டியவர்களுக்கும் தனிச் சந்தாவோடு அதைத் திறந்துவிடலாம். ஆலை மூடலின்போது வாங்கப்படும் வி.ஆர்.எஸ்.ஐ வேலையிழப்பாகவே கருதலாம். குறைந்த சம்பளத்துக்குப் போனவருக்குப் பழைய சம்பளத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைச் சில காலம் ஈடுகட்டும் காப்பீட்டை அமெரிக்கா ஐம்பது வயது கடந்தவர்களுக்குப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறது. நாற்பது வயதுக்காரர்களுக்கு அதைத் தமிழ்நாடு முயன்று பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் எண்ணிப் பார்க்க வேண்டும். பென்சில்வேனியாவில் மூன்று பேர் புரட்டிய பதிவேட்டைப் போன்ற ஒன்று நம்மிடமும் இருக்கிறது. 2014இலிருந்து பி.எஃப். சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் யூ.ஏ.என். என்ற ஒரே எண். வேலை மாறினாலும் எண் மாறாது. எந்த நிறுவனத்தில், எந்த மாதம், எந்த ஊதியத்துக்குப் பிடித்தம் செய்யப்பட்டது என்பது அத்தனையும் அதில் இருக்கிறது. பெயர்களை நீக்கிவிட்டு அந்தத் தரவை ஆய்வாளர்களிடம் கொடுத்தால், மறைமலை நகரில் இருந்து வெளியேறியவர்கள் இன்று எந்த ஊதியத்தில் இருக்கிறார்கள், எத்தனை பேர் பதிவேட்டைவிட்டே மறைந்துபோனார்கள் என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும். மாதந்தோறும் எத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தார்கள் என்று இதே பதிவேட்டில் இருந்துதான் மத்திய அரசு அறிக்கை வெளியிடுகிறது. வெளியே போனவர்களின் சம்பளம் என்ன ஆனது என்பதையும் அதே அறிக்கையில் சேர்க்க வேண்டும்.

ஃபோர்டு திரும்பி வருகிறது. 2024 செப்டம்பரில் விருப்பக் கடிதம் கொடுத்த நிறுவனம், 2025 அக்டோபரில் மறைமலை நகரில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் என்ஜின் தயாரிக்கத் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 600க்கு மேற்பட்ட வேலைகள், 2029இல் உற்பத்தி என்று அறிவிப்பு. ஆட்குறைப்பு செய்தவர் மீண்டும் ஆள் எடுத்தால் பழையவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று பழைய சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. புதிய தொகுப்பில் அந்த முன்னுரிமை ஓராண்டுக்குள் மட்டுமே. கடைசி கார் வெளியே வந்தபோது 35 வயதாக இருந்தவருக்கு 2029இல் 42 வயதாகியிருக்கும். நிலமும் சலுகையும் தரும் தமிழக அரசு, உற்பத்தி தொடங்கும் முன் அந்த நிறுவனத்திடம் ஒரு வரியை எழுதி வாங்க வேண்டும்: 2022இல் இந்த கேட்டைவிட்டு வெளியே போனவர்களின் பட்டியலை முதலில் அழைத்துப் பாருங்கள், அவர்களுக்கு வயது வரம்பு வேண்டாம்.